காற்று நின்றால் வெளியே வராதே

1

புரட்டாதி பிறந்தால் எனக்கு இங்கே வேலை கூடிவிடும். சம்பளம் தரும் வேலை அல்ல. அட்லாண்டிக் கடலின் எந்த மூலையில் காற்றுச் சுழல்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. கனடாவின் கிழக்குக் கரையில் நாங்கள் இருக்கும் இந்தச் சிறு நகரத்துக்குப் பெரிய சூறாவளிகள் களைத்துப்போய்த்தான் வந்து சேரும். ஆனாலும் வரும். வந்தால் இரண்டு மூன்று நாள் கரண்ட் இருக்காது, கூரை ஓடு பறக்கும், மரம் விழும்.

இந்த வருடமும் ஒன்று வந்தது. காலையிலேயே எல்லாருடைய போனும் ஒன்றாகக் கத்தியது. கரையோரத்தில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், மற்றவர்கள் வீட்டின் பேஸ்மென்டுக்குள் இருங்கள் என்று அறிவித்தல். ஊரில் இருப்பவர்களுக்குப் பேஸ்மென்ட் என்றால் சட்டென்று விளங்காது. வீட்டின் கீழே, நிலத்துக்குள் இறங்கும் ஒரு பெரிய அறை. உடுப்புத் தோய்க்கும் மெஷின், பழைய சூட்கேஸ், எறிய மனமில்லாத சாமான் எல்லாம் அங்கேதான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் கணவர் பாய், டோர்ச், தண்ணீர்ப் போத்தல், பாஸ்போர்ட் வைத்த பை எல்லாவற்றோடும் கீழே இறங்கிவிட்டார். நான் வழக்கம்போல் குசினி ஜன்னலடியில் நின்றேன். மகள் தர்சினி டொரொன்டோவில் இருந்து போன் எடுத்தாள்.

"அம்மா, அப்பா கீழ போயிட்டாரா?"

"அவர் அப்பவே போயிட்டார்."

"நீங்க?"

"நான் மேல நிண்டு பாக்கிறன்."

இதற்குப் பிறகு அவள் பேசியது முழுக்க ஆங்கிலம். கோபம் வந்தால் பிள்ளைக்குத் தமிழ் போய்விடும், எனக்கு ஆங்கிலம் போய்விடும். ஆளுக்காள் விளங்காத பாஷையில் சண்டை பிடிப்போம். கடைசியில் அழுகிற குரலில் அவள் தமிழுக்கு வந்தாள். "குசினிக்குப் பின்னால அந்த மரம் நிக்குதும்மா. பிளீஸ், கீழ போங்க."

மரத்தைப் பற்றி அவள் சொன்னது சரி. ஊசியிலை மரம், வீட்டைவிட உயரம், கொஞ்சம் எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் நான் போகவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு புயலுக்கும் இதுதான் நடக்கிறது. இவர் மேலே இருக்க மாட்டார், நான் கீழே இறங்க மாட்டேன். படிக்கட்டின் இரண்டு முனையிலும் இருந்துகொண்டு கத்திக் கத்திப் பேசுவோம். பிள்ளைக்கு இது விசராகத் தெரிகிறது. ஏனென்று அவளுக்கு நாங்கள் ஒழுங்காகச் சொன்னதுமில்லை.

2

எழுபத்தெட்டுச் சூறாவளியைப் பற்றி மட்டக்களப்பில் யாரிடம் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். என்னுடைய கதை சின்னது. நான் அப்போது பள்ளிக்கூடம் போகும் சிறுமி. கூரை பறந்துபோன வீட்டின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நாங்கள் எல்லாரும் இருந்தோம். திடீரென்று காற்று நின்றது. குறையவில்லை, நின்றது. "அப்பாடா" என்று பெரியவர்கள் எழும்பினார்கள். என் சின்ன மாமா, அம்மாவின் தம்பி, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லாம்பை எடுத்துக்கொண்டு போனார். பிறகு எதிர்ப்பக்கத்தால் காற்று அடித்தது. மாமாவை அடுத்த நாள் வேலியடியில் கண்டெடுத்தார்கள். மரம் விழுந்திருந்தது.

அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகும் எனக்கு ஒரு கேள்வி ஓயவில்லை. காற்று ஏன் நின்றது? கேட்ட இடமெல்லாம் சாமி குற்றம் என்றார்கள், அல்லது வாயை மூடு என்றார்கள். சில வருடத்துக்குப் பிறகு புவியியல் புத்தகத்தில் ஒரு படம் கண்டேன். வட்டமாகச் சுழலும் அம்புக்குறிகள், நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் காற்று இருக்காது, அது கடந்து போனால் காற்று மறுபக்கத்தால் வரும் என்று கீழே எழுதியிருந்தது. சின்ன மாமா அந்த ஓட்டைக்குள்தான் லாம்போடு போயிருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வகுப்பிலேயே அழுதேன்.

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. மற்றப் பெண்பிள்ளைகள் சாறிக்கடையைப் பார்க்கும் வயதில் நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

3

கல்யாணம் முடிந்து படுவான்கரைக்கு வந்தேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை அது. வடக்கு முனைக்குக் கிட்ட, தண்ணீர் ஓரமாகவே எங்கள் ஒழுங்கை, ஒரு சின்னத் தெரு. இவர் மேசன் வேலை செய்தார். யுத்தம் மூண்டபின் வீடு கட்டுவார் இல்லை. எல்லாரும் ஷெல்லுக்கு ஒதுங்க நிலத்துக்குள் பங்கர் கட்டினார்கள். இவர் வெட்டித் தென்னங்குற்றி அடுக்கிய பங்கரில் ஷெல் விழுந்தாலும் ஒரு கீறல் வராது என்று பெயர். அந்தப் பெயரில் இவருக்குப் பெருமை இல்லாமலும் இல்லை.

இவருடைய அண்ணன் ஷெல்லடியில்தான் போனார். அதுவும் பங்கர் இல்லாமல் அல்ல. சத்தம் நின்றுவிட்டது என்று வெளியே வந்து, முற்றத்தில் கிடந்த சைக்கிளை எடுக்கப் போனபோது இரண்டாவது தடவை அடித்தார்கள். அதற்குப் பிறகு இவர் எங்கள் ஒழுங்கைக்கே ஒரு சட்டம் போட்டார். "சத்தம் நிண்டாலும் ஒருத்தரும் வெளிய வரப்படாது. நான் சொன்னாத்தான் வரணும்." எல்லாரும் கேட்டார்கள். அந்தச் சட்டத்தால் தப்பியவர்கள் உண்டு.

எனக்கு அந்த நாட்களில் இருந்த கருவி ஒரு ஜாம் போத்தல். வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் ஒரு ஈர்க்கை ஒட்டி, நுனிக்கு நேரே கோடு போட்ட மட்டையை நிறுத்தினேன். காற்றழுத்தம் இறங்கினால் ஈர்க்கின் நுனியும் இறங்கும். பலூன்? சித்தாண்டித் திருவிழாவில் இவர் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது. பிள்ளை நித்திரையாக இருக்கும்போது வெட்டிவிட்டேன். அந்தக் கதை மட்டும் தர்சினிக்கு நன்றாகத் தெரியும். "என்ர பலூனை வெட்டின அம்மா" என்று இன்றைக்கும் தன் சிநேகிதிகளிடம் சொல்வாள். வீட்டைச் சோதிக்க வந்த ஆமி, இயக்கம் இரண்டு தரப்பும் வேறு வேறு நாளில் அந்தப் போத்தலைத் தூக்கிப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டன. மழை பார்க்கிற சாமான் என்றேன். இரண்டு தரப்பும் ஒரே மாதிரித்தான் சிரித்தன.

ரேடியோவுக்குப் பற்றரி கிடையாது. எங்கள் பக்கம் பற்றரி வர ஆமி விடாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றினால் ரேடியோ பாடும். தினம் பின்னேரம் இவர் சுற்றுவார், நாலைந்து வீட்டார் கூடியிருந்து செய்தி கேட்பார்கள். யுத்தச் செய்தி முடிந்து, "வானிலை" என்று அறிவிப்பாளர் வாய் திறந்ததும் இவர் கையை எடுத்துவிடுவார். ரேடியோ முனகி அடங்கும்.

"இன்னும் கொஞ்சம் சுத்துங்க!"

"செய்தி முடிஞ்சு."

"அதுதான் செய்தி!"

"மழை வந்தா நனைவம், வராட்டி காய்வம். அதுக்கு என்னத்துக்குக் கை நோகணும்?"

ஒழுங்கையே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணம் முடித்து அத்தனை வருடத்தில் நான் ஒருநாளாவது வானிலை அறிக்கையை முழுதாகக் கேட்டதில்லை.

4

இங்கே வந்தபோது சொர்க்கத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். இந்த நாட்டில் யாரைக் கண்டாலும் வானிலையைத்தான் பேசுகிறார்கள். பஸ் தரிப்பில், கடையில், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில், எங்கும் இதே பேச்சு. ஆகா, என் ஆட்கள் என்று நானும் காற்று எந்தப் பக்கம் திரும்பியது, அழுத்தம் நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று சொல்லத் தொடங்குவேன். அவர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். வானிலை இவர்களுக்கு வணக்கம் சொல்வது மாதிரி என்று விளங்க எனக்கு இரண்டு மாரி சென்றது.

அந்த மரத்தின் கதையையும் சொல்ல வேண்டும். சாய்ந்திருக்கிறது, வெட்ட வேண்டும் என்று நகர அலுவலகத்துக்குப் போனேன். சொந்த வளவில் நிற்கும் மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமாம். ஒருவர் வந்தார், சுற்றி வந்து படமெடுத்தார், தட்டிப் பார்த்தார். மரம் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது என்று பதில் வந்தது. எனக்கும் இவருக்கும் வருடாவருடம் டொக்டர் ஏதாவது ஒன்று குறை சொல்கிறார், மரத்துக்கு மட்டும் ஒரு நோயும் இல்லை. பங்கருக்குத் தென்னையைத் தறித்த காலத்தில் யாரையும் கேட்கவில்லை என்று இவர் சொன்னார். அதை அலுவலகத்தில் சொல்லிவிடாதீர்கள் என்று நான் சொன்னேன்.

5

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு கார்த்திகையில் இன்னொரு சூறாவளி வந்தது. எழுபத்தெட்டோடு ஒப்பிட்டால் அது குஞ்சு. யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. பேப்பரில் யுத்தச் செய்திகளுக்கு நடுவே ஒரு மூலையில்தான் போட்டார்கள்.

விடியும்போதே ஈர்க்கின் நுனி கடைசிக் கோட்டுக்குக் கீழே, மட்டையையும் தாண்டித் தொங்கியது. அப்படி நான் கண்டதே இல்லை. காற்று வடக்கேயிருந்து அடித்தது.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருவம்," என்றேன். ரோட்டோரம் மேட்டில் இருந்தது பள்ளிக்கூடம்.

"ஈர்க்குச் சொல்லுது எண்டு ரோட்டில இறங்கச் சொல்றயா? ஆமிக்கு உன்ர ஈர்க்கு விளங்குமா?" என்றார் இவர். அதிலும் நியாயம் இருந்தது. கூட்டமாக ரோட்டில் நடந்தால் சூடுபட்டுப் போகும் காலம்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுத் தகரம் கிழிந்து பறந்தது. காற்று பிளேன் தாழப் பறப்பது போல இரைந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவரும் சொல்லாமலே, யோசிக்காமலே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கினார்கள். இத்தனை வருடம் பழகிய கால் அது. சூறாவளிக்குப் பங்கருக்குள் ஓடிய சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். இவர் மூன்று வயதுத் தர்சினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கினேன். மேலே நின்றால் தகரம் வெட்டும். பக்கத்து வீட்டுக் கனகம்மா அக்காவும் பிள்ளைகளும் எங்கள் பங்கருக்குள்தான். கணுக்கால் அளவுக்கு மழைத் தண்ணீர் நின்றது.

மத்தியானம் தாண்டிய போது காற்று நின்றது.

கனகம்மா அக்கா எழும்பினார். இவர் வாசலுக்குக் குறுக்கே கையைப் போட்டார். "ஒருத்தரும் அசையப்படாது. ரெண்டாவது தரம் வரும்."

"ஓம், வரும்," என்றேன் நான்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வானிலை விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். நின்ற சத்தத்தை நம்பக் கூடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இவருக்கு அண்ணனால் தெரியும், எனக்கு மாமாவால் தெரியும்.

"வரும். ஆனா மேலால வராது, ஆத்தால வரும்," என்றேன். வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். "காத்து இப்ப கிறுகித் தெற்கால அடிக்கும். விடியல்ல இருந்து தெற்க தள்ளின தண்ணியெல்லாம் எங்கட பக்கம் கிறுகி வரும். இந்தக் குழி நிரம்பிரும். இப்பவே பள்ளிக்கூடத்துக்கு ஓடணும்."

"பேசாம இரு புள்ள."

"ஒருக்கா வெளிய வந்து ஆத்தைப் பாருங்க. பாத்திட்டுச் சொல்லுங்க."

"அண்ணனும் ஒருக்காப் பாக்கத்தான் போனவர்."

கனகம்மா அக்கா என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாருடைய பேச்சை அவர் கேட்பார் என்பதில் சந்தேகமே இல்லை. ஜாம் போத்தல் வைத்திருக்கும் பெண்ணை நம்பி யார் பிள்ளைகளோடு வெளியே வருவார்கள்? இவர் வந்தால் ஒழுங்கையே வரும். வராவிட்டால் அத்தனை பேரும் அத்தனை குழிக்குள்ளும் இருப்பார்கள். என் பிள்ளை இவர் கையில் இருந்தது.

இவருடைய கைக்குக் கீழால் புகுந்து நான் மேலே ஏறினேன். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். மாமா போன அதே ஓட்டைக்குள் நானும் காலை வைக்கிறேன் என்று தெரிந்துதான் ஏறினேன். வானம் மஞ்சளாக இருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை.

"எங்க போற! விசரா உனக்கு? இஞ்ச வா!" என்று கத்திக்கொண்டு இவர் பின்னால் ஓடி வந்தார். பிள்ளையையும் விடாமல் தூக்கிக்கொண்டே வந்தார். என் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போகும் கோபத்தில்தான் வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

கரையில் தண்ணீர் இல்லை. தோணிகள் சேற்றில் சரிந்து கிடந்தன. எத்தனையோ வருடம் தண்ணீருக்குள் நின்ற கட்டைகள் அடிவரை வெளியே தெரிந்தன. மீன்கள் சேற்றில் துடித்தன. வெகுதூரம் சேறுதான்.

"ஆறு எங்க புள்ள?" என்றார். சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

"தெற்க போயிருக்கு. கிறுகி வரப் போகுது."

இவர் ஒழுங்கைப் பக்கம் திரும்பி, ஷெல்லடி நின்றபின் கொடுக்கும் அதே குரலில் கத்தினார். "வெளிய வாங்க! எல்லாரும் வாங்க! சாமான் ஒண்டும் வேணாம், பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க!" ஒவ்வொரு குழியில் இருந்தும் தலைகள் வந்தன. என் வானிலைக்கு ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள், இவருடைய குரலுக்கு வந்தார்கள். ஆனால் அந்தக் குரலுக்குள் என் பேச்சு இருந்தது. அது போதும் எனக்கு.

கடைசி ஆட்கள் மேட்டில் ஏறும்போது தெற்கால் காற்று அடித்தது. பள்ளிக்கூடத்துக் கூரை பறந்திருந்தது, சுவர் இருந்தது. சுவரோடு சுவராக இருந்தோம். கீழே ஒழுங்கையில் தண்ணீர் ஏறுவதை இவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் போய்ப் பார்த்தோம். பங்கர் வாய்வரை நிரம்பியிருந்தது. கூரைக் குற்றிகளில் ஒன்றிரண்டு மிதந்தன. கனகம்மா அக்காவின் செருப்பு ஒன்றும் மிதந்தது. அவர் அதை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இவர் குழியின் விளிம்பில் குந்தியிருந்தார். நல்லா அடுக்கின குற்றி என்று ஒருதரம் சொன்னார்.

சில நாள் கழித்து ரேடியோவைக் காயவைத்து, சைக்கிளைத் தேடி எடுத்து, பின்னேரம் மறுபடி எல்லாரும் கூடினோம். இவர் சுற்றினார். யுத்தச் செய்தி முடிந்தது. "வானிலை" என்றது ரேடியோ. இவருடைய கை நிற்கவில்லை. எங்கே மழை, எங்கே காற்று, மீனவர்கள் கடலுக்குப் போகலாமா கூடாதா, எல்லாம் முழுதாகக் கேட்டேன். அறிக்கை முடிந்து பாட்டுப் போனது. இவர் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"போதும், விடுங்க," என்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

6

அன்றிலிருந்து காற்று இரைந்தால் என்னால் நிலத்துக்குள் இறங்க முடியவில்லை. ஈர மண் மணத்தாலே மூச்சு முட்டும். இவருக்கோ சத்தம் கேட்டால் தலைக்கு மேலே ஏதாவது வேண்டும். ஒரே நாளில் ஒரே குழியில் இருந்து வந்தவர்கள் நாங்கள். ஆளுக்கொரு பயத்தைக் கொண்டுவந்திருக்கிறோம்.

இந்த முறை தர்சினியின் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், குசினி மேசையில் என் ஜாம் போத்தல் இல்லை. ஆம், இங்கும் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். கடையில் நல்ல கருவி விற்கிறார்கள்தான், ஆனால் எனக்கு இதுதான் கண்ணுக்குப் பழக்கம்.

"இஞ்சருங்க! என்ர போத்தல் எங்க?" என்று படிக்கட்டின் மேலே நின்று கத்தினேன்.

"இஞ்சதான் இருக்கு. பாக்கணுமெண்டா வந்து பார்."

"விளையாடாதீங்க!"

வெளியே மரம் முறுகும் சத்தம் கேட்டது. இவர் படியடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். தலை நரைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது மேடு. தண்ணி வராது. நிலத்தைத் தொட்டுப் பாத்திட்டன், ஈரமில்ல. இண்டைக்கு வாறது மேலாலதான்," என்றார். "அண்டைக்கு நீ கூப்பிட்டாய், நான் ஏறினன். இண்டைக்கு நான் கூப்பிடுறன். இறங்கு புள்ள."

அன்றைக்கு நான் கூப்பிட்டு இவர் ஏறவில்லை, என்னை இழுத்துப் போகத்தான் வந்தார். ஆனாலும் அதைச் சொல்லி வாதாட எனக்கு மனம் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நாலாவது படியில் கால் வரமாட்டேன் என்றது. இவர் ஏறி வந்து கையைப் பிடித்தார். கீழே போத்தலை மேசையில் வைத்து, மட்டையை நிறுத்தி, டோர்ச் வெளிச்சம் அதில் படும்படி செய்திருந்தார். பக்கத்தில் பாயில் எனக்கும் ஒரு தலையணை இருந்தது. நான் முதலில் நிலத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

மரம் விழுந்தது. குசினிமேல் அல்ல, எதிர்ப்பக்கம் பக்கத்து வீட்டு வேலியில். நான் மேலேயே நின்றிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதை நான் இவரிடம் பலதரம் சொல்லிவிட்டேன், இவர் காதில் வாங்குவதாக இல்லை. நகர அலுவலகத்துக்கும் சொல்லவேண்டி இருக்கிறது, ஆரோக்கியமான மரம் படுத்துவிட்டது என்று.

பின்னேரம் போலக் காற்று நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். இருவரும் அசையவில்லை. போன் அடித்தது. தர்சினிதான். "முடிஞ்சுதாம் அம்மா, ரேடாரில காட்டுது. இனி மேல வரலாம்." பிறகு, "நீங்க கீழயா இருக்கிறீங்க? உண்மையாவா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்கிறேன், இந்த நத்தார் லீவுக்கு வா என்றேன். பலூன் கதைக்குப் பிறகு நடந்ததும் அவளுக்குத் தெரிய வேண்டும்.

போனை வைத்தேன். இவர் படிக்கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு ஒழுங்கைக்கே சட்டம் போட்ட மனிதர்.

"நீ சொல்லு," என்றார். "வெளிய போகலாமா?"

நான் டோர்ச்சை எடுத்து ஈர்க்கைப் பார்த்தேன். நுனி மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் இருப்பம்," என்றேன்.